மிளகாயில் வைரஸ்: எந்தப் பூச்சி, எவ்வளவு நேரம்?

வைரஸ் தாக்கிய மிளகாய்ச் செடியைக் குணப்படுத்த மருந்து கிடையாது. பூஞ்சாணத்துக்குப் பூஞ்சாணக்கொல்லி இருக்கிறது, புழுவுக்குப் பூச்சிக்கொல்லி இருக்கிறது. வைரஸோ செடியின் செல்லுக்குள்ளேயே புகுந்து, செடியின் சரக்கை எடுத்துத் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. செடியை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்ல வழியில்லை. ‘வைரஸுக்கு’ என்று சொல்லி விற்கப்படும் டானிக்குகள் அதிகபட்சம் இலையைக் கொஞ்சம் பச்சையாகக் காட்டும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், பூச்சிகளும் அங்கிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே மிச்சம் இருப்பது தடுப்பு மட்டும்தான். ஆனால் தடுப்பு என்றதும் பூச்சிக்கொல்லியைக் கையில் எடுத்துவிடக் கூடாது. அது சில வைரஸ்களுக்கு ஓரளவு கைகொடுக்கும், சிலவற்றுக்குத் துளியும் கொடுக்காது. இந்த வித்தியாசம் மருந்தின் வீரியத்தில் இல்லை. நோயுள்ள செடியிலிருந்து பூச்சி வைரஸை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது, நல்ல செடியில் இறக்க எவ்வளவு நேரம் ஆகிறது, இடையில் எத்தனை நாள் சுமக்கிறது என்பதில்தான் இருக்கிறது. மிளகாய்க்கும் குடைமிளகாய்க்கும் வைரஸைக் கொண்டுவரும் முக்கியமான பூச்சிகள் மூன்று. மூன்றின் கணக்கும் வேறு வேறு.

அசுவினி: நொடிக் கணக்கு

வெள்ளரித் தேமல் வைரஸ், உருளைக்கிழங்கு ஒய் வைரஸ், மிளகாய் நரம்புத் தேமல் வைரஸ் ஆகியவற்றை அசுவினி பரப்புகிறது. செடியில் வந்து உட்கார்ந்ததும் அது செய்யும் முதல் வேலை, தனக்கு ஏற்ற செடிதானா என்று பார்க்க மேல்தோல் செல்லில் ஒருமுறை குத்திப் பார்ப்பது. சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரைதான். செடியில் வைரஸ் இருந்தால் அது அசுவினியின் ஊசி அலகு நுனியில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த செடியில் அதே போல ஒரு குத்து, வைரஸ் இறங்கிவிட்டது. அழுக்கு ஊசியால் ஒருவருக்குப் போட்டு அடுத்தவருக்கும் போடுவது போலத்தான். பூச்சியின் உடம்புக்குள் வைரஸ் போவதே இல்லை. நாலைந்து செடியைக் குத்தினாலோ சில மணி நேரம் கழிந்தாலோ அலகு சுத்தமாகிவிடும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். ஒன்று, பூச்சிக்கொல்லி அடித்த இலையில் அசுவினி வந்து உட்கார்ந்து, மருந்து ஏறிச் சாவதற்குச் சில நிமிடங்களாவது ஆகும். அதற்குள் குத்தி முடித்திருக்கும். அசுவினி செத்தது உண்மை, செடிக்கு நோய் வந்ததும் உண்மை. இரண்டாவது, நோயைக் கொண்டுவரும் அசுவினி மிளகாயில் குடியிருக்கும் அசுவினியாக இருக்க வேண்டியதே இல்லை. வேறு பயிரைத் தேடிப் பறந்துபோகும் இறக்கையுள்ள அசுவினி, வழியில் மிளகாயில் இறங்கி, குத்திப் பார்த்து, பிடிக்காமல் கிளம்பிவிடும். வயல் முழுக்கத் தேடினாலும் ஒரு அசுவினி தென்படாது, தேமல் மட்டும் பரவிக்கொண்டிருக்கும். ‘பூச்சியே இல்லை, எப்படி நோய் வந்தது?’ என்ற குழப்பத்துக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

வெள்ளை ஈ: மணிக் கணக்கு

இலைச்சுருட்டு வைரஸ்கள் வெள்ளை ஈ கொண்டுவருபவை. இங்கே வைரஸ் அலகில் ஒட்டுவதில்லை. சாற்றோடு குடலுக்குப் போய், அங்கிருந்து உடல் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேர வேண்டும். எடுக்கச் சுமார் 15 முதல் 30 நிமிடம் சாறு குடித்தாக வேண்டும். எடுத்த பிறகு பல மணி நேரம் கழித்துத்தான் அடுத்த செடிக்குக் கொடுக்க முடியும். அப்படிக் கொடுக்கவும் கால் மணி, அரை மணி நேரம் குடிக்க வேண்டும். ஆனால் ஒருமுறை ஏறிவிட்டால் அந்த ஈ சாகும்வரை, பல வாரங்கள்கூட, போகும் இடமெல்லாம் பரப்பும்.

எடுப்பதும் கொடுப்பதும் மெதுவாக நடப்பதால் மருந்துக்கு இங்கே கொஞ்சம் அவகாசம் உண்டு. வேகமாகச் சாறு குடிப்பதை நிறுத்தவைக்கும் மருந்து செடிக்குள் ஏற்கெனவே இருந்தால் ஈ முழு வேலையையும் முடிக்காமல் போகலாம். அந்த அவகாசத்தையும் மிகையாக நம்பிவிடக் கூடாது. பக்கத்து வயலிலிருந்து நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும்போது அவற்றில் சில வேலையை முடித்துவிடும்.

இலைப்பேன்: குஞ்சுப் பருவத்துக் கணக்கு

தக்காளிப் புள்ளி வாடல் வைரஸும் குடைமிளகாய் வெளிறல் வைரஸும் இலைப்பேனால் வருபவை. முதலாவது 1915-இல் ஆஸ்திரேலியாவில் கவனிக்கப்பட்ட நோய். இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட செடி இனங்களில் அது வாழ்கிறது, பூச்செடிகளும் களைகளும் அதில் அடக்கம். மூன்றில் இதன் வழிதான் விசித்திரமானது. வளர்ந்த இலைப்பேன் நோயுள்ள செடியில் எத்தனை நாள் சாறு குடித்தாலும் பரப்பும் தகுதி அதற்கு வராது. குஞ்சாக, அதுவும் முதல் பருவத்திலும் இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலும் எடுத்தால்தான் உண்டு. வைரஸ் அந்தக் குஞ்சின் உடம்பிலேயே பெருகுகிறது. பிறகு குஞ்சு பெரும்பாலும் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகி, இறக்கையோடு வெளியே வரும்போது ஆயுள் முழுக்கப் பரப்பும் பூச்சியாக வருகிறது.

அதாவது உங்கள் வயலில் ஒரு நோய்ச் செடி நின்று, அதன் மேல் இலைப்பேன் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தால்தான் உள்ளுக்குள்ளேயே நோய் பெருகும். வெளியிலிருந்து ஏற்கெனவே வைரஸோடு பறந்து வருபவை சில நிமிடங்கள் குடித்தாலே நோயைக் கொடுத்துவிடும், அவற்றை மருந்தால் நிறுத்துவது கடினம். குஞ்சுகளைக் கொல்வதால் அந்த இரண்டாம் சுற்று நிற்கும். இலைப்பேன் மருந்தின் உண்மையான பயன் இதுதான். அதனால் பார்க்க வேண்டியது பறக்கும் பூச்சியைவிடப் பூவுக்குள்ளும் நுனிக் குருத்திலும் ஊரும் வெளிர்மஞ்சள் குஞ்சுகளைத்தான். வெள்ளைத் தாளைப் பிடித்து அதன் மேல் பூவைத் தட்டினால் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான கோடுகள் நெளிவது தெரியும்.

முதலில், இது வைரஸ்தானா?

இலை சுருண்டாலே வைரஸ் என்று முடிவு கட்டி வயலையே அழித்தவர்களும் உண்டு, வைரஸை ‘சத்துக் குறைவு’ என்று உரம் போட்டு வளர்த்தவர்களும் உண்டு. 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று இருந்தால் பாதிச் சந்தேகம் அங்கேயே தீர்ந்துவிடும்.

முரணைச் சிலந்தி தாக்கினால் இலை விளிம்பு கீழ்நோக்கிச் சுருளும், காம்பு நீளும், இலையின் அடிப்பக்கம் செம்பழுப்பாகப் பளபளக்கும். லென்ஸில் பார்த்தால் கண்ணாடி மணி போன்ற சிறு முட்டைகள் தெரியும். இலைப்பேன் வெறுமனே சாறு உறிஞ்சினாலும் இலை மேல்நோக்கிப் படகு போல மடியும், அடியில் வெள்ளி நிறத் தழும்பும் கருப்புப் புள்ளி எச்சமும் இருக்கும். இவை இரண்டும் பூச்சி நேரடியாகச் செய்த சேதம். பூச்சியைக் கட்டுப்படுத்தினால் 10, 15 நாளில் வரும் புதுக்குருத்து சுத்தமாக இருக்கும். வைரஸ் என்றால் புதுக்குருத்தும் அதே கோலத்தில்தான் வரும். இலைகள் குறுகி, நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடி நார் போல நீண்டிருந்தால் பக்கத்து வயலில் அடித்த 2,4-டி களைக்கொல்லி காற்றில் வந்ததா என்று விசாரியுங்கள்.

வைரஸிலும் அடையாளம் வேறுபடும். இலைச்சுருட்டில் இலை மேல்நோக்கிக் குவிந்து, அடிநரம்பு தடித்து, கணுக்கள் நெருங்கி, நுனி கொத்தாக நிற்கும், பூ உதிரும். தேமலில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும், இலை மங்கி ஒடுங்கும். புள்ளி வாடலில் இலையிலும் காயிலும் வளையங்கள் விழும், குருத்து கருகும். பச்சைக்காயில் லேசாக இருக்கும் வளையம், காய் சிவக்கும்போது மஞ்சளாகத் துலங்கும். சத்துக் குறைவு வயலில் ஒரு பகுதி முழுக்கச் சீராகத் தெரியும். வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரும்பாலும் ஓரத்திலிருந்து ஆரம்பிக்கும்.

உறுதி செய்ய வேண்டுமென்றால் பட்டைச் சோதனை இருக்கிறது. இளம் இலைத் துண்டைத் தரப்படும் கரைசலில் நசுக்கி, பட்டையை நனைத்தால், வைரஸ் இருக்கும்போது சில நிமிடங்களில் சோதனைக் கோடு விழும். ஒரு பட்டை ஒரு வைரஸுக்கு மட்டும்தான். சோதனைக் கோடு விழவில்லை என்றால் அந்த வைரஸ் இல்லை என்றுதான் அர்த்தமே தவிர, எந்த வைரஸும் இல்லை என்று அர்த்தமில்லை.

பூச்சியே சம்பந்தப்படாத வைரஸும் உண்டு என்பதை இடையில் சொல்லிவிடலாம். புகையிலைத் தேமல், மிளகாய் மென்தேமல் வகைகள் விதை வழியாகவும் கை, கத்தி, துணி வழியாகவும் போகின்றன. வேலை செய்த வரிசையிலேயே நோய் வரிசையாகத் தெரிந்தால் சந்தேகிக்க வேண்டியது இவற்றைத்தான். விதையை 10 சதவீத டிரைசோடியம் பாஸ்பேட் கரைசலில், அதாவது லிட்டருக்கு 100 கிராம் வீதம், 30 நிமிடம் ஊறவைத்து ஓடும் நீரில் நன்றாக அலசினால் விதைத்தோலில் ஒட்டியிருப்பது போகும். மஞ்சள் ஒட்டுப்பொறியும் வலையும் இங்கே எதுவும் செய்யாது.

நாற்றங்கால்: போர் இங்கேதான்

இளம் வயதில் நோய் வாங்கிய செடி காய்க்காது. காய் பிடித்த பிறகு நோய் வாங்கிய செடி பெரும்பகுதி விளைச்சலைக் கொடுத்துவிடும். எனவே விதைத்த நாள் முதல் நடவுக்குப் பின் 6 வாரம் வரையிலான காலம்தான் மதிப்பு மிக்கது. பணமும் உழைப்பும் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் இந்தக் காலத்திலேயே போடுங்கள். காய்ப்பு ஆரம்பித்த பிறகு வாராவாரம் அடிக்கும் மருந்தைவிட நாற்றங்கால் வலை பல மடங்கு பயன் தரும்.

வலை 40 முதல் 50 மெஷ் வரை இருக்க வேண்டும். 40 மெஷ் என்றால் ஒரு அங்குல நீளத்தில் 40 இழை. அசுவினியும் வெள்ளை ஈயும் இதில் புக முடியாது. இலைப்பேன் இன்னும் ஒல்லி, 50 மெஷ்ஷிலும் நுழைந்துவிடும். அதைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான வலை போட்டால் காற்று நின்று உள்ளே வெப்பம் ஏறும், நாற்றழுகல் வரும். ஆகவே இலைப்பேன் அதிகம் உள்ள இடத்தில் கூரையை உயர்த்தி, பக்கவாட்டு வலைப் பரப்பைக் கூட்டிய பிறகுதான் நெருக்கமான வலைக்குப் போக வேண்டும். நிழல்வலை பூச்சிவலை ஆகாது, அதன் ஓட்டை வழியாக வெள்ளை ஈ சிரமமில்லாமல் போய்வரும்.

வலை வீணாகும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. வலையின் கீழ் விளிம்பு தரையில் தொங்கிக்கொண்டிருக்கும். அதை 15 முதல் 20 செ.மீ. ஆழம் குழி எடுத்துப் புதைத்து மண்ணை மிதித்துவிட வேண்டும். அடுத்தது கதவு. ஒற்றைக் கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்றோடு பூச்சி உள்ளே வரும். இரண்டு கதவு, நடுவில் ஒருவர் நின்று முதல் கதவை மூடிய பிறகு அடுத்ததைத் திறக்கும் அளவு இடம் தேவை. மூன்றாவதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நடவுக்கு ஒரு வாரம் முன்னால் நாற்றைத் ‘திடப்படுத்த’ என்று வலையைச் சுருட்டிவிடுவார்கள். 5 வாரம் காத்ததை அந்த ஒரு வாரம் கெடுத்துவிடும். திடப்படுத்த வேண்டுமென்றால் தண்ணீரைக் குறையுங்கள், நிழல்வலையை எடுங்கள். பூச்சிவலை நடவு நாள் வரை அப்படியே இருக்கட்டும்.

உள்ளே மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றிரண்டு, நாற்றின் நுனிக்குச் சற்று மேலே தொங்கட்டும். இது பூச்சியை ஒழிக்க அல்ல, வலையில் ஓட்டை விழுந்திருப்பதைச் சொல்ல. ஒரு வெள்ளை ஈ ஒட்டியிருந்தால் கிழிசலைத் தேடுங்கள். நாற்றங்காலைச் சுற்றி 3 மீட்டராவது களை இல்லாத வெறுந்தரையாக இருக்க வேண்டும். காலையில் முதலில் நாற்றங்கால் வேலை, பிறகு வயல். வயலில் நின்றுவிட்டு அதே உடையோடு உள்ளே நுழைந்தால் பூச்சியை நீங்களே சுமந்து வருகிறீர்கள். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே போகாதீர்கள் என்பது வேடிக்கையாகத் தோன்றும், ஆனால் வெள்ளை ஈயும் அசுவினியும் மஞ்சளைத் தேடி வருபவை.

நடவுக்கு முந்தைய நாள் குழித்தட்டில் ஊடுருவிப் பாயும் பூச்சிக்கொல்லியை ஊற்றுவது வெள்ளை ஈ அதிகமுள்ள இடத்தில் பயன் தரும். இமிடாக்ளோபிரிட், சயன்ட்ரனிலிபுரோல் போன்றவை இதற்குப் பயன்படுகின்றன. முதல் இரண்டு மூன்று வாரம் செடிக்குள் மருந்து இருக்கும். உங்கள் நாட்டில் மிளகாய்க்கு அது அனுமதிக்கப்பட்டிருக்கிறதா, அளவு என்ன என்பதற்கு லேபிள்தான் தீர்ப்பு.

வயலில் பூச்சி இறங்குவதைக் குறைப்பது

பழைய மிளகாய், தக்காளி வயலுக்கு ஒட்டினாற்போலப் புது நடவு போடுவது, நோய்க்கு முகவரி கொடுப்பதற்குச் சமம். இடம் மாற்ற முடியாவிட்டால் காற்று வரும் திசையில் புது வயல், காற்று போகும் திசையில் பழையது என்ற வரிசையாவது இருக்கட்டும். வெள்ளை ஈயும் இலைப்பேனும் தூரம் போவது பெரும்பாலும் காற்றின் போக்கில்தான்.

களையில் மணத்தக்காளி, ஊமத்தை, சொடக்குத்தக்காளி ஆகிய மூன்றையும் முதலில் ஒழியுங்கள். இவை மிளகாயின் குடும்பமே. மிளகாய் இல்லாத மாதங்களில் வைரஸ் தங்கும் வீடு இவற்றைப் போன்ற செடிகள்தான். நடவுக்கு 3 வாரம் முன்பே களையெடுத்துவிட வேண்டும். நட்ட பிறகு வரப்புக் களையை வெட்டினால் அதில் இருந்த பூச்சி முழுக்க அன்றே மிளகாய்க்கு மாறும். தாமதமாகிவிட்டால் ஒரேயடியாக வெட்டாமல், பூச்சியைக் கட்டுப்படுத்திய பிறகு வெட்டுவது மேல்.

வயலைச் சுற்றி 2 அல்லது 3 வரிசை மக்காச்சோளம் அல்லது சோளம், மிளகாய் நடவுக்கு 25, 30 நாள் முன்பே நெருக்கமாக விதைக்கலாம். மிளகாயும் சோளமும் ஒரே நாளில் போனால் பயனில்லை, தடுப்பு உயர்ந்து நிற்க வேண்டிய நேரத்தில் அது முழங்கால் உயரம்தான் இருக்கும். பறந்து வரும் அசுவினி முதலில் உயரமான ஓரப் பயிரில் இறங்கிக் குத்துகிறது, அலகில் இருந்த வைரஸ் அங்கேயே கழன்றுவிடுகிறது. அசுவினி வைரஸ் நொடியில் ஏறி நொடியில் இறங்குவதுதான் இங்கே நமக்குச் சாதகம். ஆயுள் முழுக்க வைரஸைச் சுமக்கும் வெள்ளை ஈயிடம் இந்த உத்தி அந்த அளவுக்குச் செல்லாது. பறந்து வரும் எண்ணிக்கையைக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான்.

வெள்ளி நிற நிலப்போர்வை மூன்று பூச்சிக்கும் வேலை செய்கிறது. 25 முதல் 30 மைக்ரான் தடிமன், மேலே வெள்ளி, கீழே கருப்பு. வெள்ளிப் பரப்பு வானத்தின் ஒளியையும் புற ஊதாக் கதிரையும் திருப்பி வீசுவதால், இறங்க வரும் பூச்சிக்கு எது வானம், எது தரை என்று குழம்பிவிடும். நடவின்போது மண்ணை மேலே சிதறவிட்டால் பளபளப்பு போய்விடும், பலனும் போய்விடும். தழை வளர்ந்து போர்வையில் பாதிக்கு மேல் மூடியதும் விளைவு மங்கும். ஆனால் அதற்குள் ஆபத்தான வாரங்களில் பெரும்பகுதி கடந்திருக்கும்.

சிறிய பரப்பென்றால் வளைவுக் கம்பி நட்டு, மெல்லிய நெய்யாத துணியால் வரிசையை மூடலாம். நட்ட அன்றே மூட வேண்டும், விளிம்பை மண்ணிட்டு மூட வேண்டும். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய் பிடிப்பதால் பூத்த பிறகும் தயங்காமல் வைத்திருக்கலாம். வெப்பம் அதிகமானால் மட்டும் பூ உதிரும், அப்போது எடுத்துவிடுங்கள்.

தழைச்சத்தை அள்ளிப் போடாதீர்கள். கரும்பச்சையாக, மெத்தென்று வளரும் தழையில் அசுவினியும் வெள்ளை ஈயும் வேகமாகப் பெருகும்.

தெளிப்பு

அசுவினி வைரஸுக்குப் பூச்சிக்கொல்லியைவிடக் கனிம எண்ணெய் பொருத்தமானது. தோட்டப் பயிருக்கென்று தயாரித்த எண்ணெயை லிட்டருக்கு 10 மில்லி, அதாவது 1 சதவீதம் கலந்து தெளித்தால், இலை மேல் படியும் மெல்லிய படலம் வைரஸ் அலகில் ஒட்டுவதையும் அலகிலிருந்து கழன்று செடிக்குள் போவதையும் குறைக்கிறது. படலம் இருக்கும் இலைக்கு மட்டும்தான் பாதுகாப்பு. வேகமாகத் துளிர்க்கும் காலத்தில் 5 நாளுக்கு ஒருமுறை, மற்ற நேரத்தில் வாரம் ஒருமுறை. மழை பெய்தால் மறுபடியும். கந்தகம் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் எண்ணெய் அடித்தால் இலை கருகும், எண்ணெய்க்குப் பின் கந்தகம் அடித்தாலும் அப்படியே. 32 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெயிலிலும் வாடிய செடியிலும் அடிக்கக் கூடாது. எந்தத் தயாரிப்பானாலும் முதலில் நாலைந்து செடியில் அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் பூச்சிக்கொல்லி தேவைப்படும்போது பெயரை மாற்றி மாற்றி அடிப்பது சுழற்சி ஆகாது. லேபிளில் செயல்முறைப் பிரிவு எண் இருக்கும்: இமிடாக்ளோபிரிட் 4ஏ, ஸ்பைரோமெசிஃபென் 23, சயன்ட்ரனிலிபுரோல் 28, ஸ்பினோசாட் 5. ஒரே எண் கொண்ட இரண்டு பெயர், பூச்சிக்கு ஒரே மருந்துதான். ஒரு தலைமுறைக் காலமான 15, 20 நாளுக்கு ஒரு எண், அடுத்த தலைமுறைக்கு வேறு எண் என்று போங்கள். நாற்றுக்கு 4ஏ ஊற்றியிருந்தால் நட்டதும் மறுபடி 4ஏ தெளிக்க வேண்டாம். பைரித்ராய்டு வகையை நாங்கள் இந்தப் பயிரில் விரும்புவதில்லை. நன்மை செய்யும் பூச்சிகளை முதலில் கொல்வது அதுதான். இலைப்பேனும் சிலந்தியும் அதற்குப் பிறகு முன்னிலும் அதிகமாக வரும்.

வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம் குஞ்சுகளின் தோலுரிப்பைக் கெடுக்கிறது, இறங்கும் பூச்சியையும் ஓரளவு விலக்குகிறது. 100 லிட்டர் தெளிப்பு நீருக்கு 5 கிலோ பருப்பை இடித்து, துணியில் கட்டி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, பிழிந்து வடிகட்டி, சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் அடிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் சீக்கிரம் போய்விடும். வெளியிலிருந்து வைரஸோடு வரும் வளர்ந்த பூச்சியை இது உடனே கொல்லாது என்பதை மறக்காமல் பயன்படுத்துங்கள்.

எதை அடித்தாலும் இலையின் அடிப்பக்கம் நனையவில்லை என்றால் அடிக்காததற்குச் சமம். வெள்ளை ஈயின் முட்டையும் குஞ்சும் அங்கேதான் ஒட்டியிருக்கின்றன. கூம்புத் தெளிப்பு முனையைக் கீழே இறக்கி, மேல்நோக்கித் திருப்பிப் பிடித்து நடக்க வேண்டும். முடித்ததும் பத்துச் செடியில் நடு இலையைப் புரட்டிப் பாருங்கள், அடி ஈரமாக இல்லையென்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் கையை மாற்றுங்கள்.

பசுமைக்குடிலில் வேறு வழியும் இருக்கிறது. மிளகாய்ப் பூவில் மகரந்தம் தாராளம். ஆம்ப்ளிசீயஸ் ஸ்விர்ஸ்கி என்ற சிலந்திப்பேனும் ஓரியஸ் என்ற சிறு நாவாய்ப்பூச்சியும் இரை இல்லாத நாட்களில் அந்த மகரந்தத்தைத் தின்று உயிர் வாழ்கின்றன. முன்னது இலைப்பேனின் இளங்குஞ்சையும் வெள்ளை ஈயின் முட்டையையும் தின்னும், பின்னது வளர்ந்த இலைப்பேனையும் விடாது. ஸ்பெயினின் அல்மெரியா பசுமைக்குடில்களில் 2007-க்குப் பிறகு குடைமிளகாய் பெரும்பாலும் இவற்றை நம்பித்தான் வளர்கிறது. பூச்சி தெரிவதற்கு முன்பே, முதல் பூ விரியும்போதே இவற்றை விட வேண்டும். பூச்சி குவிந்த பிறகு விட்டால் ஈடுகொடுக்க முடியாது.

ரகம்

விதைப் பாக்கெட்டில் எதிர்ப்புத் திறன் குறியீடுகள் இருக்கும். ஹெச்ஆர் என்றால் உயர் எதிர்ப்பு, ஐஆர் என்றால் இடைநிலை, அதாவது தாக்கும் ஆனால் குறைவாக. எந்த வைரஸுக்கு என்பதைப் பாருங்கள், புகையிலைத் தேமலுக்கு எதிர்ப்புள்ள ரகம் இலைச்சுருட்டை ஒன்றும் செய்யாது. புள்ளி வாடலுக்கு எதிராக டிஎஸ்டபிள்யூ என்ற ஒரே மரபணுவைத்தான் பெரும்பாலான ரகங்கள் நம்பியிருக்கின்றன. அதை உடைத்துக்கொண்டு வரும் வைரஸ் வகைகள் பல நாடுகளில் ஏற்கெனவே வந்துவிட்டன, கடும் வெப்பத்திலும் அது தளர்கிறது. எதிர்ப்பு ரகம் நட்டாலும் வலையையும் களையெடுப்பையும் விட முடியாது.

பிடுங்குவது எப்போது, எப்படி

நட்ட முதல் 6 வாரம் வாரத்துக்கு இரண்டு முறை வரிசைக்கு வரிசை நடந்து பாருங்கள். சந்தேகச் செடியை அன்றே பிடுங்க வேண்டும். அதிகாலையில், பூச்சி சுறுசுறுப்படையும் முன், பெரிய பிளாஸ்டிக் பையைச் செடி மேல் கவிழ்த்து, வாயைப் பிடித்துக்கொண்டு, வேரோடு இழுத்து, அப்படியே கட்டிவிடுங்கள். வெறுங்கையால் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வயல் நெடுக நடந்தால் அதிலிருந்த வெள்ளை ஈயை வரிசைதோறும் உதறிக்கொண்டு போகிறீர்கள். கட்டிய பையை ஓரிரு வாரம் வெயிலில் கிடத்தினால் உள்ளே இருப்பவை வெந்துவிடும்.

நோய் தொற்றி அடையாளம் தெரிய இரண்டு மூன்று வாரம்கூட ஆகலாம். இன்று ஒரு செடியைப் பிடுங்கினால் பக்கத்துச் செடிகளில் சில ஏற்கெனவே வாங்கியிருக்கும். அடுத்த வாரம் அவை தெரியும்போது மனம் தளராமல் பிடுங்க வேண்டும். ஐந்தில் ஒரு செடிக்கு மேல் நோய் வந்துவிட்ட வயலில், அல்லது காய் பிடித்து முற்றத் தொடங்கிய பிறகு, பிடுங்குவதில் பெரிய லாபம் இல்லை என்பது எங்கள் கணிப்பு. அப்போது பூச்சியை அடக்கிவைத்து இருக்கும் காயை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம். புள்ளி வாடல் மட்டும் விதிவிலக்கு: அந்தச் செடியின் காய் வளையத்தோடு விற்காமல் போகும், அதன் மேல் குஞ்சு பொரித்தால் அடுத்த சுற்று கிளம்பும். எப்போது பார்த்தாலும் எடுத்துவிடலாம். இடைவெளியில் புது நாற்று ஊன்றுவது நட்ட முதல் இரண்டு வாரத்தோடு சரி. அதற்குப் பிறகு ஊன்றும் இளநாற்று, சுற்றி நிற்கும் நோயை வாங்கிக்கொள்ளத்தான் நிற்கும்.

கடைசி அறுவடை முடிந்ததும் ‘இன்னும் நாலு கிலோ கிடைக்கும்’ என்று செடியை நிற்கவிடாதீர்கள். முதலில் எண்ணெயோ சோப்புக் கரைசலோ அடித்துப் பூச்சியைச் சாகவிட்டு, மறுநாள் பிடுங்கி மூடிய குவியலாக மக்கவைக்க வேண்டும். மண்ணில் கூட்டுப்புழுவாக இருக்கும் இலைப்பேன் சில நாளில் வெளிவரும். வந்ததும் அதற்கு மிளகாயோ களையோ கிடைக்கக் கூடாது. அடுத்த நடவுக்கு முன் 3, 4 வாரம் வயலும் வரப்பும் பச்சையில்லாமல் கிடந்தால் வெள்ளை ஈயும் அந்தப் பட்டினியைத் தாண்டாது. சுற்றியுள்ள வயல்காரர்களும் அதே வாரங்களில் நிலத்தைக் காலியாக விட ஒப்புக்கொண்டால் பலன் பல மடங்கு.